காலடி படாத மணல்

சென்ற மாசி மாதத்து ஞாயிறு ஒன்றில் என் பழைய மாணவன் ஒருவன் கையில் ஒரு தாளுடன் வீட்டிற்கு வந்தான். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் உயர்தர வகுப்பில் என்னிடம் தமிழ் படித்தவன். மீனவர் வீட்டுப் பிள்ளை. பல்கலைக்கழக அனுமதிக்கு வேண்டிய புள்ளியைச் சிறு வித்தியாசத்தில் இழந்து, வளைகுடா நாடொன்றிற்குக் கூலிக்குச் சென்று, மூன்று ஆண்டுகளின் பின் திரும்பியிருந்தான். மன்னார்த் தீவின் மேற்கு முனையில், தலைமன்னாருக்கு அப்பாலுள்ள மணற்பரப்பில், உல்லாசப் பயணிகளுக்காகக் கூடாரம் அடித்து ஓர் இரவுத் தங்கல் நடத்துவது அவன் திட்டம். அதற்கான விளம்பரத் துண்டைத் தானே தமிழில் எழுதியிருந்தான். பிழை திருத்தித் தரவேண்டும் என்றான்.

ஒற்றுப் பிழைகள் சிலவே இருந்தன. முதல் வரியில்தான் என் பேனா நின்றுவிட்டது. 'மனிதர் காலடி படாத மணலில் ஓர் இரவு' என்று எழுதியிருந்தான்.

"இது பொய் இல்லையா, தம்பி?" என்றேன்.

"விளம்பரம்தானே சேர்," என்று சிரித்தான்.

அச்சிரிப்பை மறுத்துரைக்க அப்பொழுது என்னிடம் வார்த்தை இருக்கவில்லை. அதன்பின் பல நாள் சிந்தித்ததையே இங்கு எழுதுகிறேன். ஒருவன் காசு கொடுத்து விரும்பி ஏற்கும் இன்னல், இன்னொருவனுக்கு விதியெனச் சுமத்தப்பட்ட இன்னலாக இருக்கையில், அந்த இன்பத்திற்கு அறத்தில் இடமுண்டா? இடமுண்டெனில் எந்த நிபந்தனையில்?

முதலில் அவன் வளைகுடாவில் செய்த தொழிலைச் சொல்லவேண்டும். பாலைவனத்தில் அமைந்த ஓர் உல்லாசக் கூடாரத்தில் அவனுக்கு வேலை. மாலையில் வாகனங்கள் வரிசையாக வந்து பயணிகளை இறக்கும். முழந்தாளிட்டு நிற்கும் ஒட்டகங்களில் அவர்களை ஏற்றி, மணற்குன்றைச் சுற்றி அழைத்துவருவார்கள். ஒட்டகங்களைப் பிடிப்பவர்கள் பாகிஸ்தானியரும் சூடானியரும். பின்னர் இறைச்சி, ஆட்டம், பாட்டு. எல்லாம் முடிந்தபின் ஐந்து நிமிடங்களுக்கு விளக்குகளை அணைத்து நட்சத்திரங்களைக் காட்டுவார்கள். சிலர் அங்கேயே இரவு தங்குவர். என் மாணவனின் கடமைகள் கம்பளம் விரித்தல், கரி மூட்டுதல், எச்சிற் கோப்பைகளைப் பொறுக்குதல் ஆகியன. இன்னொன்றும் உண்டு. அதை அவன் சாதாரணமாகச் சொன்னான்:

"விடியக் காலமை எங்கட முதல் வேலை காலடி அழிக்கிறதுதான் சேர். நீட்டுப் பலகையால மணலை இழுத்துச் சமப்படுத்தவேணும். எழும்பி வாற ஆக்கள் படம் எடுக்கேக்க ஒரு அடியும் தெரியக்கூடாது."

மூன்று ஆண்டுகள் அங்கே இருந்தும் அவன் ஒருமுறையேனும் ஒட்டகத்தில் ஏறியதில்லை.

ஆக, காலடி படாத மணல் என்பது இயற்கையின் கொடை அன்று. அதிகாலையில் எழுந்து கூலிக்காரன் ஒருவன் உற்பத்தி செய்யும் பண்டம். அந்தப் பண்டத்தின் செய்முறையை அறிந்தவனே அந்த வரியை மன்னார் மணலுக்கும் எழுதியிருந்தான் என்பதுதான் என்னைத் தடுத்து நிறுத்தியது.

மன்னார் மணலில் யாருடைய காலடிகள் பட்டன?

இந்தக் கரையைப் பார்த்தவர்கள் அறிவர்: பனையும் உடைமுள்ளும் தவிர நிழல் அரிது, கோடையில் நண்பகலுக்குமேல் வெறுங்காலுடன் நடக்க முடியாது. 19ஆம் நூற்றாண்டில் கண்டிச்சீமைக் கோப்பித் தோட்டங்களுக்குத் தென்னிந்தியாவிலிருந்து திரட்டப்பட்ட மக்கள் தோணிகளில் பாக்குநீரிணையைக் கடந்து இறங்கிய கரைகளுள் தலைமன்னாரும் அதன் தெற்கேயுள்ள அரிப்பும் முக்கியமானவை. இறங்கியவர்கள் கங்காணியின் பின்னால் காட்டுவழியே மாத்தளைவரை நடந்தனர். இரவில் மணலிலும் மரத்தடியிலும் படுத்தனர். வாந்திபேதியும் காய்ச்சலும் அம்மையும் அவர்களுடன் நடந்தன. 1840களில் வந்தவர்களுள் நான்கில் ஒருவர் மாண்டதாக 1849இல் கொழும்புச் செய்தித்தாள் ஒன்று கணக்கிட்டது. அக்கணக்கின் துல்லியத்தைப் பற்றி ஆய்வாளர்கள் வாதிடலாம். வழியெங்கும் பிணங்கள் கிடந்தன என்பதில் வாதமில்லை. எங்கள் வீட்டில் இதைப் பற்றி வரலாறாக எதுவும் சொல்லப்பட்டதில்லை. 'தோணியேறி வந்த சனம்' என்ற ஒரு சொற்றொடர் மட்டுமே எஞ்சியிருந்தது. மாத்தளைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து 1977ஆம் ஆண்டுக் கலவரத்தின்பின் வன்னிக்கு ஓடிவந்த குடும்பம் எங்களுடையது. முன்னோர் நடந்து கடந்த கரைக்கே நான் ஆசிரியனாக நியமனம் பெற்று வந்தேன் என்பது தற்செயல்.

1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்குமிடையே கப்பலும் அதனோடிணைந்த இரயிலும் வந்தன. அதன்பின் நடையின் தேவை நீங்கியது. ஆனால் 1948இல் குடியுரிமை பறிபோய், 1964 ஒக்டோபரில் கையெழுத்தான ஸ்ரீமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கென எழுதப்பட்டபோது, அதே இரயிலும் அதே துறையும் எதிர்த்திசையில் பயன்பட்டன. வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் தகரப் பெட்டிகளுடன் தலைமன்னார்த் துறையில் கப்பலுக்காகக் காத்துக் கிடந்தனர்.

1990 ஒக்டோபர் இறுதியில் மன்னார்த் தீவின் முஸ்லிம் மக்கள், தமிழின் பெயரால் ஆயுதம் ஏந்தியவர்களாலேயே சில நாள் அவகாசத்தில் வெளியேற்றப்பட்டார்கள். எருக்கலம்பிட்டிக் கரையில் குழந்தைகளோடும் முதியோரோடும் படகுகளுக்காகக் காத்திருந்து அவர்கள் கற்பிட்டிக்குச் சென்றார்கள். அந்த இரவுகளும் மணலில் கழிந்த இரவுகளே. மன்னாரைப் பற்றி எழுதும் தமிழன் இதனைத் தாண்டிச் செல்வது நேர்மையாகாது.

இன்னும் அண்மைக்கு வருவோம். 2022 மார்ச் 22. பால்மாவுக்கும் எரிவாயுவுக்கும் மக்கள் வரிசையில் நின்ற காலம். யாழ்ப்பாணம், மன்னார்ப் பகுதிகளைச் சேர்ந்த ஆறு பேர், அவர்களுள் மூவர் பிள்ளைகள், ஒன்று நான்கு மாதக் கைக்குழந்தை, தனுஷ்கோடி அரிச்சல்முனைக்கு அருகிலுள்ள நான்காம் தீடையில் இந்தியக் கடலோரக் காவற்படையினரால் மீட்கப்பட்டனர். படகோட்டிகள் இரவில் அவர்களை அங்கே இறக்கிவிட்டுத் திரும்பியிருந்தனர். தலைமன்னாருக்கும் அரிச்சல்முனைக்கும் இடையே வரிசையாகக் கிடக்கும் மணல் திட்டுகளை இருகரை மக்களும் தீடை என்றே அழைப்பர். நிழலில்லை, குடிநீரில்லை. இன்றைய உல்லாசப் பயணத் துறையினர் ஆசையோடு பார்க்கும் இடமும் அதுதான்.

ஒரே மணல், ஒரே நட்சத்திரங்கள், ஒரே கடற்காற்று. அந்தக் கைக்குழந்தையின் தாய் கழித்த இரவுக்கும், என் மாணவன் விற்கவிரும்பும் இரவுக்கும் என்ன வேறுபாடு?

விருப்பம் என்று உடனே விடை வரும். ஒருவர் விரும்பி வந்தார், மற்றவர் வேறு வழியின்றி வந்தார். இவ்விடை போதாது. தோட்டத்துரைமார் தம் கூலிகளை விரும்பி வந்தவர்கள் என்றே அரசுக்கு எழுதினர். யாரும் விலங்கிட்டு இழுத்து வரவில்லை. பஞ்சம் இழுத்து வந்தது. என் மாணவனும் விரும்பியே விமானம் ஏறினான் என்று அவனுடைய ஒப்பந்தத் தாள் சொல்லும். பசித்தவனின் விருப்பத்திற்கும் நிறைந்தவனின் விருப்பத்திற்கும் ஒரே சொல்லைப் பயன்படுத்துவதில்தான் முதலாளித்துவத்தின் அறநூல் முழுவதும் அடங்கியிருக்கிறது.

திரும்பும் ஆற்றலையே அளவுகோலாகக் கொள்ளவேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. பயணியின் இன்னலுக்கு ஒரு கதவு உண்டு. விடிந்ததும் வாகனம் வரும். மலைக்கு நடந்தவனுக்குக் கதவில்லை. வழிச்செலவே கடனாகிக் கங்காணியின் ஏட்டில் ஏறியது. அக்கடனை எழுதிய 'துண்டு' இல்லாமல் ஒரு தோட்டத்தைவிட்டு இன்னொன்றிற்குப் போகமுடியாத நிலை 1921இல் அம்முறை ஒழிக்கப்படும்வரை நீடித்தது. தீடையில் இறக்கிவிடப்பட்டவர்களுக்குப் பின்னால் படகு போய்விட்டது. வளைகுடாவில் கடவுச்சீட்டு எசமானின் பெட்டியில். கதவு இருக்கும்போது இருளும் குளிரும் அழகாகின்றன. கதவு அடைபட்டதும் அதே இருளில் குழந்தையின் மூச்சை மட்டுமே கவனிக்கத் தோன்றும்.

நம் இலக்கண மரபு இதைத் தெளிவாக அறிந்திருந்தது. தொல்காப்பியர் பாலைக்கெனத் தனி நிலம் வகுக்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டுத் துயர் தரும் நிலையே பாலை என்று இளங்கோவடிகள் விளக்கினார். பாலை என்பது ஒரு நிலைமை. எந்த நிலத்திற்கும் அது நேரலாம். சங்கப் பாடல்களில் காட்சி காணப் பாலை வழி சென்றவர்களை நான் கண்டதில்லை. பொருள் தேடிப் போகிறார்கள், அல்லது காதலர் ஊரார்க்கஞ்சி உடன்போகிறார்கள். போனவன் படும் துன்பத்தை வீட்டிலிருப்பவள் நினைந்து வருந்துகிறாள். என் மாணவனின் தாய் மூன்றாண்டுகள் செய்ததும் அதுவே. (ஓர் இடைக்குறிப்பு: பெண்பாலுக்குப் பெட்டை என்னும் பெயர் கொள்ளும் விலங்குகளுள் ஒட்டகத்தையும் கழுதையையும் மரபியல் சேர்த்தே சொல்கிறது. இதை அவனிடம் கூறியபோது, "அப்ப எங்கட ஊர்க் கழுதையளையே பாவிப்பம் சேர், ஒட்டகம் எதுக்கு?" என்றான். பகிடியாகத்தான் சொன்னான். ஆயினும் மன்னார்க் கழுதைகளின் கதை பகிடிக்குரியதன்று. அராபிய வணிகரோடு வந்தவை என்று சொல்லப்படும் இவ்விலங்குகள் தலைமுறை தலைமுறையாய்ச் சுமை சுமந்தன. லொறி வந்தபின் உரிமையாளர் அவற்றை அவிழ்த்துவிட்டனர். இன்று அவை தெருவில் வாகனங்களில் அடிபட்டும் குப்பைமேட்டில் நெகிழிப் பைகளைத் தின்றும் திரிகின்றன.)

ஒட்டகத்தின் கதியும் இதிலிருந்து தூரமில்லை. ராஜஸ்தானத்து ஜெய்சால்மர் ஒருகாலத்தில் சிந்துவை நோக்கிச் செல்லும் ஒட்டக வணிகர்களால் செழித்த நகர். 1947இல் எல்லைக்கோடு விழுந்தது, வழி அடைபட்டது. வணிகனைச் சுமந்த ஒட்டகம் சுற்றுலாப் பயணியைச் சுமக்கும் ஒட்டகமாயிற்று. அந்நகருக்கு மேற்கே, சம் என்னும் ஊரின் மணற்குன்றுகளில் இன்று கூடார வரிசைகள் நிற்கின்றன. இதே காலத்தில் இந்தியாவின் ஒட்டகத் தொகை 2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 4 இலட்சமாக இருந்து 2019இல் 2.5 இலட்சமாகக் குறைந்தது. 2014இல் ஒட்டகத்தை மாநில விலங்கென அறிவித்த ராஜஸ்தான் அரசு, 2015இல் அதை வெட்டுவதையும் மாநிலத்திற்கு வெளியே விற்பதையும் தடைசெய்தது. நோக்கம் பாதுகாப்பு. ஆனால் விற்கமுடியாத கடாவை எவ்வளவு காலம் தீனி போட்டு வளர்ப்பது என்று ரைக்கா மேய்ப்பர்கள் கேட்கிறார்கள். விலங்கின்மீது அன்பு காட்டிய சட்டம், அவ்விலங்கோடு வாழ்ந்தவனை எண்ணிப்பார்க்கவில்லை. பாலையின் அழகை விற்பவர்களும் பெரும்பாலும் இதே தவற்றைத்தான் செய்கிறார்கள்.

இவ்வளவையும் நான் அடுத்த ஞாயிறு அவனிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். வகுப்பில் ஒருபோதும் இவ்வளவு நேரம் என்னைக் கேட்டதில்லை. பிறகு சொன்னான்:

"நடந்து செத்த சனத்துக்காக நாங்கள் அந்த மணலில ஒண்டும் செய்யக்கூடாதோ சேர்? அப்பாட தொழில் படுத்திட்டுது. இழுவைப் படகு வந்து வலையை அறுத்துக்கொண்டு போகுது. நான் திரும்பவும் போய் அவங்கட மணலை இழுக்கவேணுமோ?"

இக்கேள்விக்கு முன் என் வாதங்கள் சிறுத்துப்போயின என்பதை ஒப்புக்கொள்கிறேன். துயரம் நிகழ்ந்த நிலமெல்லாம் துக்கம் காக்கவேண்டுமெனில் ஈழத்தில் விதைக்கவும் வீடு கட்டவும் இடம் மிஞ்சாது. மேலும், இன்பத்தைக் குற்றமாகப் பார்க்கும் மனப்பாங்கு நம் முற்போக்காளர் சிலரிடம் உண்டு; எனக்கு அது உடன்பாடில்லை. 1936இல் பிரான்சின் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்து சம்பளத்துடன் கூடிய இரு வார விடுமுறையை வென்றெடுத்தபோது, வாழ்நாளில் கடலைக் கண்டிராத குடும்பங்கள் இரயிலேறிக் கடற்கரைக்குச் சென்றன. அது வர்க்கத் துரோகமா? பொகவந்தலாவையில் கொழுந்து பறிக்கும் ஒரு பெண், தன் பிள்ளைகளோடு தலைமன்னார் மணலில் ஓர் இரவு படுத்து, வெறுமனே வானத்தைப் பார்த்துவிட்டுப் போகக்கூடிய நாள் வருமானால், அதைவிட நல்ல பழிவாங்கலை நான் கற்பனை செய்யமுடியாது.

எனவே கூடாரம் அடிப்பதை நான் எதிர்க்கவில்லை. அந்த முதல் வரியைத்தான் எதிர்த்தேன். காலடி படாத மணல் என்று ஓரிடத்தைச் சொல்வது, அங்கு நடந்தவர்களை இரண்டாம் முறை வெளியேற்றுவதாகும். இறந்தவர்களைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. சோளகம் பெயர்ந்தால் வடகரையும் வாடை பெயர்ந்தால் தென்கரையுமாக மாறி மாறி வாடி அமைத்து, மாதக்கணக்கில் மணலிலேயே உண்டு உறங்கிக் கருவாடு காயவைக்கும் மீனவரையும் அந்த வரி அழிக்கிறது. கூடாரம் என்ற சொல் இங்கு வருமுன்பே வாடி என்ற சொல் இருந்தது. ஓரிடம் வெறுமை என்று முதலில் தாளில் எழுதப்படும். பிறகு அது வெறுமையாக்கப்படும். என் மாணவனின் தகப்பனார் வாடி அடிக்கும் இடத்திற்கு நாளை யாரேனும் வேலி போட வந்தால், அவன் அச்சடித்த துண்டையே சான்றாகக் காட்டலாம் அல்லவா?

இதைச் சொன்னபோதுதான் அவன் முகம் மாறியது. அவன் அதை எண்ணிப் பார்த்திருக்கவில்லை.

இந்தக் கரைக்குக் கூடார வரலாறு புதிதுமன்று. மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்புக் காலங்களில், அரிப்பு, சிலாவத்துறை, மறிச்சுக்கட்டிக் கரைகளில் மாசி முதல் சில வாரங்களுக்கு ஒரு நகரமே எழும். ஓலைக் கொட்டில்கள், கடைகள், மருத்துவமனை, நீதிமன்று, காவல் நிலையம். கீழக்கரையிலிருந்தும் அரபுக் கரைகளிலிருந்தும் வந்த குளியாளர். பல தேசத்து வணிகர். பருவம் முடிய எல்லாம் பிரிக்கப்பட்டு மணல் மட்டும் மிஞ்சும். குளியாளன் மூச்சடக்கி எடுத்துவந்த சிப்பியைக் 'கொட்டு' எனப்பட்ட அரச வளவில் மூன்றாகப் பிரிப்பார்கள். இரண்டு பங்கு அரசுக்கு, ஒரு பங்கு அவனுக்கு. பின்னாளில் ஆங்கில எழுத்தாளராகப் புகழ்பெற்ற லெனார்ட் வூல்ஃப் 1906இல் இளம் அதிகாரியாக அங்கே பணிபுரிந்தார். முதல் ஆங்கிலத் தேசாதிபதி ஃபிரெடரிக் நோர்த் முத்துக்குளிப்பைப் பார்ப்பதற்கென 1804 அளவில் கட்டிமுடித்த மாளிகையின் சிதைவு அரிப்பில் கடலரித்து நிற்கிறது. அதை 'அல்லி ராணிக் கோட்டை' என்று நம்மவர் அழைக்கிறார்கள். தேசாதிபதியை மறந்து ஒரு கற்பனை அரசியை அங்கே குடிவைத்த மக்களின் நினைவாற்றலை நான் குறைகூற மாட்டேன். ஆனால் அந்த அரசியின் கோட்டைக்கு முன்னால் மூச்சடங்கிச் செத்த குளியாளர் ஒருவரின் பெயர்கூட மிஞ்சவில்லை.

விரும்பி ஏற்கும் இன்னலில் வேறொரு வகையும் உண்டு என்பதை 2023இல் கண்டேன். மலையக மக்கள் வந்து இருநூறு ஆண்டு நிறைவையொட்டி யூலை இறுதியில் தலைமன்னாரிலிருந்து ஒரு நடைபயணம் புறப்பட்டது. முன்னோர் சென்ற வழியே ஏறத்தாழ 250 கிலோமீட்டர் நடந்து ஓகஸ்ட் 12ஆம் நாள் மாத்தளையை அடைந்தது. பேசாலை வரை ஏறத்தாழ 15 கிலோமீட்டர் நானும் நடந்தேன். அவ்வளவே நடந்தேன், மறுநாள் பாடசாலை இருந்தது, அன்றிரவு மின்விசிறியின் கீழ்ப் படுத்தேன். எனினும் பாதம் வெந்த அந்தப் பகலில், ஊர்ச் சனம் தண்ணீரும் மோரும் கொண்டுவந்து வழியில் நின்றது. அவர்களுள் மீனவரும் இருந்தனர், முஸ்லிம்களும் இருந்தனர். எங்களுக்கும் கதவு இருந்தது. எவரும் எந்நேரமும் பேருந்தேறலாம். ஆயினும் யாருடைய அடிகளின்மீது அடிவைக்கிறோம் என்பது அங்கே ஒவ்வொருவருக்கும் தெரிந்திருந்தது. உல்லாசப் பயணி இதே அறிவோடு நடப்பான் என்று எதிர்பார்ப்பது மிகை. ஆனால் அவனுக்கு அதைச் சொல்லாமல் மறைப்பதற்கு நமக்கு என்ன உரிமை?

மூன்றாம் ஞாயிறு அவன் புதிய தாளுடன் வந்தான். முதல் வரி நீக்கப்பட்டிருந்தது. தலைமன்னார்த் துறை, தோணிகள், மாத்தளைக்குப் போன வழி, எருக்கலம்பிட்டி ஆகியவற்றைப் பற்றி நான்கு வாக்கியங்கள் இருந்தன. இரவுணவு வாடிக்காரரிடமிருந்து வாங்கப்படும் என்றும், அவர்களின் வலை உலரும் இடத்தில் கூடாரம் அடிக்கப்படாது என்றும் எழுதியிருந்தான். உள்ளூர்ப் பாடசாலைப் பிள்ளைகளுக்கு மாதத்தில் ஓர் இரவு காசில்லை. இது நான் சொல்லிக்கொடுத்ததன்று, அவனே எழுதியது. இத்தனையும் படித்துவிட்டு யார் வரப்போகிறார்கள் என்று அவனுடைய கூட்டாளிகள் கேட்கிறார்களாம். அந்தப் பயம் எனக்கும் உண்டு.

ஒன்றில் மட்டும் நாங்கள் இன்னும் உடன்படவில்லை. தீடையில் கிடந்த அந்தக் கைக்குழந்தையின் இரவைப் பற்றியும் எழுதவேண்டும் என்கிறேன் நான். "அந்தப் பிள்ளை இப்ப எங்கயோ பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருக்கும் சேர். அதிட கதையை வைச்சு நான் கூடாரத்துக்கு ஆள் சேர்க்கிறதோ?" என்கிறான் அவன். அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அவ்வரிக்கென விட்ட இடம் தாளில் வெறுமையாக உள்ளது. வரும் ஞாயிறு மீண்டும் வருவதாகச் சொல்லியிருக்கிறான்.